பவுலினோ அல்காந்தரா: 369 கோல்களைச் சுற்றிய கதைகள்

2014 மார்ச்சில் ஒசாசுனா அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்த மெஸ்ஸி, பார்சிலோனாவுக்காகத் தன் கணக்கை 371 ஆக்கினார். 87 ஆண்டுகளாக அசையாமல் நின்ற 369 என்ற எண் அன்று பின்னுக்குப் போனது. அதற்குச் சொந்தக்காரர் பவுலினோ அல்காந்தரா, பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் 1896இல் பிறந்தவர். மறந்துபோன பெயர் மீண்டும் அடிபட்டதில் மகிழ்ச்சிதான். ஆனால் கூடவே பல கதைகளும் கிளம்பிவிட்டன.

பார்சிலோனா அவரை ஆசியாவிலிருந்து வரவழைத்தது என்கிறார்கள். யாரும் வரவழைக்கவில்லை. அப்பா ஸ்பானிய ராணுவ அதிகாரி, அம்மா பிலிப்பினோ. குடும்பம் 1899இல் பார்சிலோனாவில் குடியேறியபோது அவருக்கு மூன்று வயது. கிளப் தொடங்கப்பட்டதும் அதே 1899இல்தான். 1912 பிப்ரவரியில், பதினைந்து வயதுப் பையனாகக் களமிறங்கிய முதல் ஆட்டத்திலேயே மூன்று கோல். அணி 9-0 என்று வென்றது.

உண்மையில் அவர் கடல் கடந்து போய் ஆடியது பிறந்த மண்ணில். 1916இல் பெற்றோர் பிலிப்பைன்ஸ் திரும்பியபோது கூடவே போனார். அங்கே மருத்துவம் படித்துக்கொண்டே மணிலாவின் பொஹீமியன் கிளப்புக்கு ஆடினார். 1917இல் டோக்கியோவில் ஜப்பானை 15-2 என்று நொறுக்கிய பிலிப்பைன்ஸ் அணியிலும் அவர் இருந்தார். 1918இல் மீண்டும் பார்சிலோனா.

இனி அந்த 369. மெஸ்ஸி காலத்து லீக் கோல்களைப் போல அதை எண்ணுவது தவறு. லா லீகா தொடங்கியதே 1929இல். அல்காந்தரா ஓய்வு பெற்றது 1927இல். அன்று கத்தலோனியச் சாம்பியன்ஷிப்பும் ஸ்பானியக் கோப்பையும் போக, ஆண்டின் பெரும்பகுதி சிநேக ஆட்டங்கள்தான். அவற்றில் அடித்த கோல்களும் அந்த எண்ணில் அடக்கம். இதைக் கேட்டதும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, “அப்படியானால் எல்லாம் பயிற்சி ஆட்டக் கோல்கள்” என்று தள்ளிவிடுகிறார்கள். அது இன்னும் பெரிய தவறு. வெளியூர் அணியும் வெளிநாட்டு அணியும் வந்திறங்கும் அந்த ஆட்டங்களைப் பார்க்கத்தான் ஜனம் காசு கொடுத்து வந்தது. கிளப்பின் பெயரும் வரும்படியும் அவற்றால் வளர்ந்தன. மெஸ்ஸியின் 371இலும் சிநேக ஆட்டக் கோல்கள் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. அல்காந்தரா காலத்தில் பார்சிலோனா வென்ற பத்து கத்தலோனியப் பட்டங்களையும் ஐந்து ஸ்பானியக் கோப்பைகளையும் எந்தக் கணக்கும் குறைக்க முடியாது.

வலை கிழிந்த கதைக்கு வருவோம். 1922 ஏப்ரலில் போர்தோவில் பிரான்ஸை ஸ்பெயின் 4-0 என்று வென்றது. அதில் அவருடைய உதை ஒன்று வலையைப் பிய்த்துக்கொண்டு போனதாம். ‘வலை கிழிப்பவர்’ என்ற பட்டம் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. கிழிந்திருக்கலாம். ஆனால் அன்றைய வலைகள் பருத்தியிலும் சணலிலும் பின்னியவை, மழையிலும் வெயிலிலும் கிடந்து இற்றுப்போகும். பழைய படங்களில் நாம் பார்ப்பதும் வலையைக் கிழிக்கும் பலசாலியை அல்ல, கால்சட்டை இடுப்பில் வெள்ளைக் கைக்குட்டை தொங்க நிற்கும் ஒல்லியான ஓர் இளைஞரை.

ஸ்பெயினுக்கு ஐந்து ஆட்டம்தான் ஆடினார் என்பதை வைத்து, அவரை ஒதுக்கினார்கள் என்று சொல்வதும் பொருந்தாது. 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு அழைப்பு வந்தது. மருத்துவத் தேர்வு எழுத வேண்டும் என்று அவரே போகவில்லை. ஆடிய ஐந்தில் ஆறு கோல்.

கடைசிக் கதைதான் எனக்கு நெருடுகிறது. பார்சிலோனாவின் நாயகன் என்றால் ஸ்பானியச் சர்வாதிகாரி ஃபிராங்கோவுக்கு எதிரி என்று ரசிகர்கள் தாமாகவே எழுதிக்கொள்கிறார்கள். 1936 ஆகஸ்டில் கிளப்பின் தலைவர் ஜோசெப் சுன்யோலை ஃபிராங்கோவின் படையினர் சுட்டுக் கொன்றார்கள். உள்நாட்டுப் போர் வெடித்ததும் நகரைவிட்டுத் தப்பிய அல்காந்தரா சேர்ந்தது அதே ஃபிராங்கோவின் படையில். 1951இல், ஃபிராங்கோ ஆட்சியின்கீழ், ஸ்பெயின் அணியை மூன்று ஆட்டங்களுக்கு வழிநடத்தவும் செய்தார். அவருடைய கோல்களை விரிவாக எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தையும் எழுத வேண்டும்.