கள்ளிச் செடிகளை வீட்டில் வளர்த்தல்

கள்ளி என்றாலே பாழ்நிலம் என்ற எண்ணம் நம்மவரிடையே ஊறிப்போயிருக்கிறது. பழந்தமிழ்ப் பாட்டுகளிலும் அது பாலைக்கும் சுடுகாட்டுக்கும் உரிய செடியாகவே வருகிறது. வீட்டில் முட்செடி ஆகாது என்று கூறும் பெரியோர் இன்றும் உளர். ஆயினும் அதே வீட்டு வாயிலில் சோற்றுக்கற்றாழை ஒன்று வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்குவதைக் காண்கிறோம். மண்ணும் இல்லை, நீரும் இல்லை. மாதக்கணக்கில் பச்சை மாறாமல் இருக்கிறது. கண்ணேறு படாமலிருக்கக் கட்டியது என்பர். அது எவ்வாறாயினும், இவ்வகைச் செடிகளை வளர்க்க விரும்புவோர் முதலில் படிக்க வேண்டிய பாடம் அந்த வாயிலிலேயே தொங்குகிறது. நீர் இல்லாமையால் இவை எளிதில் மடிவதில்லை.

தமிழில் நாம் கள்ளி என்று ஒரே பெயரால் அழைப்பவை உண்மையில் பெரும்பாலும் இரு வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, கொம்புக்கள்ளி முதலியன ஒரு குடும்பம். கிள்ளினால் பால் வடியும். பழம் பாட்டுகளில் வரும் கள்ளி இதுவே. சப்பாத்திக்கள்ளி என்றும் நாகதாளி என்றும் வழங்குவதும், கடைகளில் கேக்டஸ் என்று விற்கப்படும் உருண்டைச் செடிகளும் மற்றொரு குடும்பம். இவற்றின் தாயகம் அமெரிக்கக் கண்டம். பஞ்சு வைத்தாற்போன்ற சிறு மெத்தை ஒன்றிலிருந்து முட்கள் கொத்தாகப் புறப்படுவதே இவற்றின் அடையாளம். பெரும்பாலானவற்றில் பால் கிடையாது. இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். ஏனெனில் கள்ளிப்பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு நேரலாம். பெண் சிசுக்களுக்கு அதைப் புகட்டிய கொடுமையும் நம் நாட்டு நினைவில் இருக்கிறது, அதை மறைப்பதற்கில்லை. குழந்தைகள் தவழும் வீட்டில் பால் வடியும் இனங்களை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

இச்செடிகள் குறைந்த நீரில் வாழும் விதம் வியப்புக்குரியது. மற்றச் செடிகள் இலைத்துளைகளைப் பகலில் திறந்து காற்றை ஏற்கின்றன. அப்போது நீரும் ஆவியாக வெளியேறிவிடுகிறது. இவையோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் ஏற்ற கரியமில வாயுவைப் புளிப்புச் சத்தாக மாற்றிச் சேமித்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகின்றன. இதை முதலில் கவனித்து எழுதியவர்களுள் ஒருவர் சென்னை மாகாணத்தில் கம்பெனியின் தாவர நூலறிஞராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர். ரணகள்ளி இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதை அவர் 1813-ஆம் ஆண்டில் ஒரு கடிதத்தில் தெரிவித்தார். அங்கத்தினர்கள் இதை நாவால் சோதிக்க வேண்டா. அவ்விலையில் இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள் உண்டு.

ஆகவே தொட்டிக் கள்ளி சாவதற்குப் பெரும்பாலும் காரணம் வறட்சியன்று, அன்பே. நம் ஆய்வுப் பயணத்தில் நெசவாளர் ஊர் ஒன்றில் இதை நேரில் கண்டோம். சங்கத்தின் நூல் இருப்பைச் சரிபார்த்த பின், அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று பின்கட்டில் இருந்த ஒரு தொட்டியைக் காட்டினார். அதில் இருந்தது இரவில் வெண்மலர் விரியும் நிஷாகந்தி. பிரம்மகமலம் என்று பலர் அழைப்பது இதைத்தான். உண்மையான பிரம்மகமலம் இமயமலையில் விளையும் வேறொரு செடி. இது மெக்சிகோ முதலிய நாடுகளிலிருந்து வந்த கேக்டஸ். நாம் இலை என்று எண்ணுவது தட்டையான தண்டே.

“அம்மா வைத்த செடி, ஐயா. பூக்கும் இரவில் தெருவாரையெல்லாம் எழுப்பிவிடுவார்கள். அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. ஒரு நாள் கூடத் தண்ணீர் தவறவில்லை, ஆனாலும் இப்படி ஆகிவிட்டது” என்றார்.

அடித்தண்டு பழுப்பேறிக் குழைந்திருந்தது. விரலால் தொட்டால் நீர் கசிந்தது. அம்மையார் வாரம் ஒரு முறை நீர் விட்டிருப்பார். மகனோ நாள்தோறும் விட்டிருக்கிறார். தறி ஓடும் அறையில் நூல் அறாமலிருக்க ஈரம் காப்பது நெசவாளரின் வழக்கம். அதே கை செடிக்கும் ஈரம் காத்தது. அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

அடி அழுகினாலும் நுனி பிழைத்திருந்தால் செடி பிழைக்கும். கூரிய கத்தியை நெருப்பில் காட்டி ஆறவைத்து, அழுகலுக்கு மேலே நல்ல சதையில் வெட்ட வேண்டும். வெட்டுமுகத்தில் பழுப்புப் புள்ளியோ வளையமோ தெரிந்தால் இன்னும் மேலே ஏறி வெட்ட வேண்டும். முழுவதும் பச்சையாகத் தெரியும் வரை நிறுத்தலாகாது. இங்கு இரக்கம் பார்ப்பவர் முழுச் செடியையும் இழப்பார். பால் வடியும் இனமாயின் கையுறை அணிந்து, வெட்டுமுகத்தை நீரில் நனைத்துப் பாலை நிறுத்த வேண்டும். பின்னர் துண்டுகளை நிழலில், காற்றாடும் இடத்தில், ஒரு தாள் மீது கிடத்திவிட வேண்டும். மெல்லிய தண்டுக்கு நாலைந்து நாளும், தடித்த தண்டுக்கு இரண்டு வாரமும் ஆகும். வெட்டுமுகம் தோல் போல் காய்ந்து மூடிக்கொள்ளும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். வெட்டிய உடனே நட்டு நீர் ஊற்றிவிடுகிறார்கள். காயாத புண் வழியே மீண்டும் அழுகல் நுழைகிறது. காய்ந்த பின் மணலில் ஒரு விரற்கடை ஆழம் ஊன்றி, சில நாள் கழித்தே சிறிது நீர் தெளிக்கலாம். மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும்.

அன்று ஐந்து துண்டுகள் கிடைத்தன. அவற்றை ஓலைத் தட்டில் கிடத்தும்போது அங்கத்தினர், “இவை பிழைத்தால் அம்மா செடியின் குட்டிகள் என்று சொல்லலாமா, ஐயா?” என்று கேட்டார். குட்டிகள் அல்ல, அதே செடி என்று கூறினோம். இது ஆறுதல் வார்த்தையன்று. விதையிலிருந்து முளைப்பது இரு பெற்றோர் கலந்த புதிய உயிர். தண்டை வெட்டி ஊன்றி வளர்ப்பது பழைய செடியே வேறிடத்தில் தொடர்ந்து வளர்வதாகும். அவருடைய தாயார் கையால் ஊன்றியதும், அதற்கு முன் யாரோ ஒருவர் முற்றத்தில் இருந்ததும், அந்தத் தட்டில் கிடந்ததும் ஒன்றே. அடுத்த ஆய்வின்போது மூன்று துண்டுகள் வேர்விட்டிருந்தன. ஒன்றை மணமாகிச் சென்ற தங்கைக்கு அனுப்பியிருந்தார். நாம் பார்த்த வரையில் இன்னும் பூக்கவில்லை.

இனித் தொட்டியும் மண்ணும். அடியில் துளையுள்ள மண் தொட்டியே சிறந்தது. மெருகிட்ட பீங்கான் ஈரத்தை அடைத்துவைக்கும். துளைமேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றைக் கவிழ்த்து, தோட்டத்து மண் ஒரு பங்கு, பெரு மணல் ஒரு பங்கு, செங்கல் பொடி அரைப் பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பிடி கலந்து நிரப்பலாம். நிஷாகந்திக்கு மட்டும் இலைமக்கு சற்று மிகுதியாக வேண்டும்; அது காட்டில் மரங்களின் மேல் தொற்றி வளரும் செடியாதலால் கடும் வெயிலும் ஆகாது. ஏனையவற்றுக்குக் காலை வெயில் வேண்டும். தறி அறையின் இருட்டும் ஈரமும் எதற்கும் ஒவ்வா. ஒளி போதாத செடி வெளுத்து, நீண்டு, கழுத்து மெலியும். நீர் விடும் நாளை நாட்காட்டியால் தீர்மானிக்கலாகாது. ஒரு ஈர்க்குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பார்க்கலாம். மண் ஒட்டாமல் வந்தால் அன்று துளை வழியே வழியும்வரை நீர் விடலாம். ஒட்டி வந்தால் காத்திருக்கலாம்.

சிவப்பும் மஞ்சளுமாகத் தலை வைத்த சிறு கேக்டஸ்களைப் பலர் ஆசையோடு வாங்குகிறார்கள். அத்தலையில் பச்சையமே இல்லை. கீழுள்ள வேறொரு கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டப்பட்டு அதன் உணவில் வாழ்கிறது. சில ஆண்டுகளுக்கு மேல் நிலைப்பது அரிது. நம் விவசாய அங்கத்தினர் சிலர் பயிரிடும் டிராகன் பழக்கொடியின் இனமே பெரும்பாலும் அந்தக் கீழ்த்தண்டு. காசு கொடுத்து வாங்குவதைவிட உறவினர் வீட்டில் ஒரு துண்டு கேட்டு வாங்குவதே மேல் என்பது நம் அபிப்பிராயம்.

பூச்சிகளுள் மாவுப்பூச்சியே பெரும் பகை. முள்ளடியில் வெண்பஞ்சு போல் தெரிந்த உடனே சோப்பு நீரில் நனைத்த தூரிகையால் துடைத்துவிட வேண்டும். இதற்கு உறவான மற்றொரு பூச்சி, நெசவாளர் அறிந்திருக்க வேண்டியது. சாலையோரச் சப்பாத்திக்கள்ளியில் வெண்பஞ்சு படிந்திருந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். கருஞ்சிவப்புச் சாறு தெறிக்கும். அதுவே கோச்சினீல் இனம். மெக்சிகோவில் வளர்த்த இப்பூச்சியின் சாயத்தால் ஸ்பெயின் நாடு பெரும் பொருள் ஈட்டியது. ஒரு பவுண்டு சாயப் பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். அந்த வாணிபத்தைக் கம்பெனிக்குப் பெற்றுத்தர விரும்பிய டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைச் சைதாப்பேட்டையில் இதற்கெனவே ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ உயர்ந்த இனமன்று; சாயம் குறைந்த காட்டு இனம். முயற்சி பலிக்கவில்லை. நம் நாட்டுப் பருத்தி நூலுக்குச் சிவப்பேற்றிவந்த சாயவேரே அதன்பின்னும் நெடுநாள் உழைத்தது. காட்டுப் பூச்சி மட்டும் வேறொரு விதத்தில் பயன்பட்டது. வயல்களை அடைத்த கள்ளியை அது தின்றழித்தது. அதற்கு மசியாத மற்றொரு சப்பாத்திக்கள்ளி தென்னாட்டில் பெருகியபோது, 1926-இல் இலங்கையிலிருந்து வேறோர் இனப் பூச்சி கொண்டுவரப்பட்டு, சில ஆண்டுகளில் அந்தப் புதர்கள் ஒடுங்கின. இன்று வேலியில் மிஞ்சி நிற்கும் கள்ளிக்கு இவ்வளவு கதை உண்டு.

ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு தகரத் துண்டு செருகி, செடியின் பெயர், யார் வீட்டிலிருந்து வந்தது, எந்தத் தேதியில் ஊன்றியது ஆகிய மூன்றையும் எழுதிவைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மை அழியும், ஆணியால் கீறுவது நல்லது. துண்டு ஊன்றுவதற்குத் தை முதல் ஆனி வரை ஏற்ற காலம். ஐப்பசி மழை தொடங்குமுன் தொட்டிகளைத் தாழ்வாரத்தின் கீழ் நகர்த்திவிட வேண்டும். அருமையான செடியாயின், அதற்குமுன்பே ஒரு துண்டை வெட்டி வேறொருவர் வீட்டில் ஊன்றிவைப்பது நலம்.