மூன்றுக்கு ஒன்று

புதுச்சேரி

அன்புள்ள கயல்,

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். சென்னையில் நீ இருக்கும் விடுதி அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. பச்சைக் காய்கறியை ருசியாகச் சாப்பிட என்ன வழி என்பது ஒன்று. கடையில் விற்கும் சாலட் டிரெஸ்ஸிங் விலை கையைக் கடிக்கிறது. நாமே செய்யலாம் என்றால் ஆலிவ் எண்ணெய் அதற்கு மேல் விலை, என்ன செய்வது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் வினேகிரெட்தான், வினிகரையும் எண்ணெயையும் குலுக்கிச் செய்யும் பிரெஞ்சு டிரெஸ்ஸிங். அடுப்பு வேண்டாம், ஆலிவ் எண்ணெயும் வேண்டாம். மூடி இறுக்கமாக உள்ள ஒரு கண்ணாடிப் பாட்டில் இருந்தால் போதும்.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். பாட்டிலில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் ஊற்று. கால் தேக்கரண்டி உப்புப் போட்டு, கரையும்வரை குலுக்கு. அரைத் தேக்கரண்டி கடுகு விழுதும் கொஞ்சம் மிளகுத்தூளும் சேர். மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, மூடியை இறுக்கி, இருபது எண்ணும்வரை நன்றாகக் குலுக்கு. தெளிவாக இருந்த எண்ணெய் கலங்கிக் கொழகொழப்பாக வரும். அவ்வளவுதான். மூன்று நான்கு பேர் சாப்பிடும் சாலட்டுக்கு இது காணும்.

இதைச் செய்ய இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் காரணம் தெரிந்து செய்தால்தான் கையில் இருப்பதை வைத்துச் செய்ய முடியும். ஆகையால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

உப்பு ஏன் முதலில்? உப்பு தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. வினிகரில் பெரும்பகுதி தண்ணீர்தான். அசிட்டிக் அமிலம் சுமார் 4 முதல் 6 சதவீதம் இருக்கும். எண்ணெயை ஊற்றிவிட்டு உப்பைப் போட்டால், துகள்கள் எண்ணெய் பூசிக்கொண்டு அடியில் தங்கிவிடும். ஒரு வாய் சப்பென்று இருக்கும், அடுத்த வாய் கரிக்கும்.

கடுகு எதற்கு? ருசிக்கு மட்டும் என்று நினைக்காதே. நீ குலுக்கும்போது எண்ணெய் சின்னச் சின்னத் துளிகளாக உடைந்து வினிகருக்குள் பரவுகிறது. அப்படியே விட்டால் துளிகள் ஒன்றோடொன்று கூடி, மறுபடி எண்ணெயாக மேலே வந்து நிற்கும். கடுகுத் தோலில் உள்ள பிசுபிசுப்பான பொருள் அவை கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. தாமதம்தான், தடை இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பிரிந்திருக்கும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதே, மறுபடி குலுக்கு.

கடுகு விழுதுக்காக டிஜோன் பாட்டிலைத் தேட வேண்டாம். அஞ்சறைப் பெட்டிக் கடுகே போதும். நாம் கடுகை வெடிக்கவிட்டே பழகியவர்கள். வெடித்த கடுகில் வாசம் இருக்கும், காரம் இருக்காது. கடுகின் காரம் விதைக்குள் தயாராக இருப்பதில்லை. விதையை நசுக்கித் தண்ணீர் பட்டதும், அதில் இருக்கும் ஒரு நொதி வேலை செய்து காரத்தை உண்டாக்குகிறது. சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். வெள்ளரிப் பச்சடியில் பச்சைக் கடுகு அரைத்துவிட்டால் சுர்ரென்று மூக்கில் ஏறுமே, அந்தக் காரம்தான் இங்கே வேண்டும். ஒரு மேசைக்கரண்டி கடுகைச் சின்ன உரலில் நன்றாக இடித்து, அதே அளவு தண்ணீர் விட்டுக் குழைத்துப் பத்து நிமிடம் வை. பிறகு ஒரு தேக்கரண்டி வினிகர் சேர். இந்த வரிசையை மாற்றாதே: புளிப்புப் பட்டதும் நொதியின் வேகம் குறையும், அதுவரை உண்டான காரம் நிலைத்து நிற்கும். முதல் நாள் கொஞ்சம் கசக்கும், மறுநாள் அடங்கிவிடும்.

இனி எண்ணெய். பிரெஞ்சு சாலட் என்றால் ஆலிவ் எண்ணெய்தான் என்று ஒரு நினைப்பு நமக்கு. பிரான்ஸ் முழுக்க ஆலிவ் விளையாது. அது தெற்கே மத்தியதரைக் கடலோரத்து மரம். பெரிகோர் பக்கத்தில் வால்நட் எண்ணெய் ஊற்றுவார்கள். கடலை எண்ணெயும் பிரெஞ்சு வீடுகளில் நெடுநாள் புழங்கியதுதான். அங்கே ஆட்டிய கடலையில் ஒரு பங்கு எங்கிருந்து போனது தெரியுமா? நம் பக்கத்து மல்லாட்டை! 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், தென்னார்க்காட்டில் விளைந்த மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி மார்செய் துறைமுகத்துக்குப் போனது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து இங்கே ரயில் பாதை வந்தபிறகு மூட்டைகள் கடற்கரைக்கு வந்து சேர்வது இன்னும் சுலபமாயிற்று. மார்செய் ஆலைகள் அதை ஆட்டிச் சோப்புக்கும் சமையலுக்கும் எண்ணெய் எடுத்தன.

1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. சில வீடுகளில் மேசைப் பழக்கம் மட்டும் போகவில்லை. பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த சொல்தாக்களின் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சாலட்டில் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஊற்றியது மல்லாட்டை எண்ணெய்தான். ஆலிவ் எண்ணெய் இல்லையே என்று அங்கே யாரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

ஆகையால் நீயும் கடலை எண்ணெயே வாங்கு. செக்கில் ஆட்டியதாக இருந்தால் கடலை வாசம் தூக்கலாக இருக்கும். வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்கு அது பொருந்தும். வாசம் வேண்டாம் என்றால் சுத்திகரித்தது. நல்லெண்ணெய் எல்லாவற்றையும் அமுக்கிவிடும், மூன்று கரண்டியில் ஒரு கரண்டி மட்டும் அது இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் இதற்கு உதவாது. 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும், ஃபிரிட்ஜில் கல்லாகிவிடும்.

புளிப்புக்கு எந்த வினிகர்? லேபிளில் ‘சிந்தெட்டிக்’ என்று இருந்தால் அது அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்தது. புளிக்கும், வேறு ருசி இராது. ஆப்பிள், கரும்புச்சாறு, கள் இவற்றைப் புளிக்கவைத்து எடுத்த வினிகரில் மணமும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஒயினைப் புளிக்கவைத்து எடுப்பார்கள். ஓர்லெயான் நகரம் அதற்குப் பேர்போனது. எதுவும் இல்லாவிட்டால் எலுமிச்சம்பழம் பிழி. அதன் வாசம் சீக்கிரம் போய்விடும் என்பதால் அன்றன்றைக்குச் செய்துகொள். இரண்டு சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி முதலிலேயே வினிகரில் பத்து நிமிடம் ஊறவிட்டால் வெங்காயத்தின் கார்ப்பும் அடங்கும், வினிகருக்கும் ருசி ஏறும்.

எண்ணெய் மூன்றுக்கு வினிகர் ஒன்று என்ற கணக்கு கீரை, லெட்டூஸ் போன்ற மென்மையான இலைகளுக்குச் சரி. மாவுச்சத்துள்ள உருளைக்கிழங்கும் சுண்டலும் புளிப்பை உறிஞ்சிக்கொள்ளும். அவற்றுக்கு இரண்டுக்கு ஒன்று வேண்டும். நம் ஊர் வெயிலில் எனக்கு எப்போதுமே இரண்டுக்கு ஒன்றுதான் பிடிக்கும். உன் நாக்கு சொல்வதைக் கேள்.

பலர் கோட்டைவிடுவது இலையில்தான். கழுவிய இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் ஒட்டாமல் வழிந்து தட்டின் அடியில் போய் நிற்கும். மெல்லிய பருத்தித் துண்டில் இலைகளைப் பரப்பிச் சுருட்டி, ஈரத்தை ஒற்றி எடு. இன்னொன்று, இலையின்மேல் மெல்லிய மெழுகுப் படலம் உண்டு. தண்ணீர் அதில் உருண்டோடிவிடும், எண்ணெய் ஊடுருவி இலையைத் துவளவைக்கும். எனவே இலை சாலட்டில் சாப்பிட உட்காரும்போதுதான் கலக்க வேண்டும். கேரட், முட்டைக்கோஸ், சுண்டல் இவற்றுக்கு நேர்மாறு; அரைமணி முன்பே கலந்து ஊறவிட்டால் நல்லது. மெஸ்ஸில் தரும் கொண்டைக்கடலைச் சுண்டலை வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலந்து பார்.

பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். வெங்காயம் போட்டிருந்தால் இரண்டு நாளில் தீர்த்துவிடு. பச்சைப் பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே நாள்கணக்கில் வைப்பது கூடவே கூடாது. காற்றுப் புகாத எண்ணெய்க்குள் உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். அலுமினியப் பாத்திரத்திலோ ஈயம் பூசாத பித்தளையிலோ கலக்காதே, புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது இன்னொரு வகை செய்து தருகிறேன். வெங்காயம், பூண்டு, உளுந்து, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து உருட்டி வெயிலில் காயவைக்கும் நம் வடகம் இருக்கிறதே, அது பிரெஞ்சுச் சமையற்காரர்கள் கைக்கும் போய் ‘வடுவான்’ ஆகியிருக்கிறது. அதைக் கடலை எண்ணெயில் பொரித்து, ஆறவைத்து, அந்த எண்ணெயில் வினேகிரெட் கலக்கினால் வேகவைத்த பீட்ரூட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

நீ கேரட்டில் தொடங்கு. துருவிய கேரட்டில் வினேகிரெட் கலப்பது பிரான்சில் சர்வசாதாரணமான வீட்டுச் சாப்பாடு. அடுப்பும் வேண்டாம், தவறிப்போகவும் வழியில்லை. ஒன்று மட்டும் நினைவில் வை: வினேகிரெட்டைக் கரண்டியில் எடுத்து ருசி பார்க்காதே. வெறுமனே நாக்கில் வைத்தால் எல்லாமே புளிப்பாகத்தான் படும். பயந்து எண்ணெயை அதிகமாக்கிவிடுவாய். எந்தக் காயில் ஊற்றப்போகிறாயோ அந்தக் காயில் ஒரு துண்டைத் தோய்த்துத் தின்று பார். சப்பென்று இருந்தால் முதலில் ஒரு சிட்டிகை உப்பு. அப்படியும் எடுபடவில்லை என்றால் புளிப்பு. எண்ணெயைக் கடைசியில்தான் தொட வேண்டும். உனக்கு எந்தக் கணக்கு ஒத்துவந்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
பெரியம்மா