முதலில் காரணம், பிறகு முறை

கீழ்க்கட்டளை

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. பரீட்சை முடிந்ததும் நீ எங்களோடு வந்து தங்கி, துரைப்பாக்கத்துக்கு வேலைக்குப் போகப்போவதில் பெரியப்பாவுக்கும் எனக்கும் ரொம்ப சந்தோஷம். வேலையில் சேருவதற்குள் மோவாயிலும் மேலுதட்டிலும் இருக்கும் முடியை லேசரில் எடுத்துவிடலாமா, மேடவாக்கம் மெயின் ரோடு பக்கம் ஏதாவது பேக்கேஜ் விசாரித்து வையுங்கள் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும். நர்ஸாகத் தோல் பிரிவிலும் வேலை பார்த்தவள் என்பதால், தெரிந்ததை எழுதியே அனுப்புகிறேன்.

இப்போதைக்கு எங்கேயும் பணம் கட்டாதே. முடி ஏன் முளைக்கிறது என்று தெரிந்தால்தான் எப்படி எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். கன்னத்தில் மெல்லிய பூனைமுடி எல்லாப் பெண்களுக்கும் உண்டு. அதற்கு வைத்தியம் வேண்டாம். மோவாய், தாடை ஓரம், கழுத்து என்று கறுப்பாய்த் தடித்து வந்தால் விசாரிக்க வேண்டும். சிலருக்கு அது குடும்ப வாகு. உன் பாட்டிக்கும் இருந்தது. ஆனால் உனக்கு மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது, பரு விடவில்லை, பின்கழுத்து கறுத்திருக்கிறது என்று உன் அம்மா சொல்கிறாள். இவை சேர்ந்து வந்தால் பி.சி.ஓ.டி. என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரைப் பார்த்து டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை ஆகியவற்றுக்கு ரத்தம் கொடு. அவர் சொன்னால் ஸ்கேனும் எடு. உள்ளே ஹார்மோன் தூண்டிக்கொண்டே இருக்க, வெளியே முடியை மட்டும் சுட்டுக்கொண்டிருந்தால் புதிது புதிதாக முளைக்கும். மாத்திரை கொடுத்தால் முகத்தில் பலன் தெரிய ஆறு மாதமாவது ஆகும், நடுவில் விட்டுவிடாதே. சில மாதத்துக்குள் மளமளவென்று முடி பெருகி, குரலும் கனத்துப்போனால் மட்டும் மருத்துவரைப் பார்ப்பதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். முகம் வெளுக்க மெடிக்கலில் ஏதாவது க்ரீம் வாங்கிப் பூசுகிறாயா? ட்யூபில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று போட்டிருந்தால் அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவந்து, பூசிய இடத்திலேயே முடி வளரும். 2018-இல் மத்திய அரசு இந்த வகைக் க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆக்கியது. பூசிக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாதே, முகம் எரிந்து சிவக்கும். தோல் மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக விடு.

காரணம் தெரியும்வரை முடியை அப்படியே விட்டுவைக்கச் சொல்லவில்லை. ஷேவ் செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் தடித்து வளரும் என்பார்கள். வளராது. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறு அறிஞர் ஷேவ் செய்த முடியை அளந்து பார்த்து, தடிமனும் வளரும் வேகமும் மாறவில்லை என்று எழுதிவிட்டார். வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால் விரலுக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவுதான். முகத்துக்கென்று விற்கும் சின்ன ரேசரை, ஈரத் தோலில், முடி சாயும் பக்கமாகவே ஓட்டு.

நூல் போடுவதென்றால் பார்லரில் கண்ணைத் திறந்து உட்கார். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் பலர் எடுப்பார்கள். உனக்கென்று புது நூல் வெட்டினார்களா, கை கழுவினார்களா என்று பார். கடிக்காமல் கழுத்தில் கட்டிக்கொண்டு எடுக்கச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. பருவுக்கு அடாபலீன், டிரெட்டினாயின் பூசுகிறவர்கள் முகத்தில் வாக்ஸ் போடவே கூடாது, தோலோடு உரிந்து வந்துவிடும். முடி நீக்கும் க்ரீமை முன்கையில் தடவி ஒரு நாள் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோ. கஸ்தூரி மஞ்சளும் கோரைக்கிழங்கும் ஆசைக்குப் பூசு. தடித்த முடியை அவை நிறுத்தாது. நூல், ரேசர், வாக்ஸ் எதுவானாலும் முடி திரும்ப வரும் என்று தெரிந்தே செய்.

இனி லேசர். அதன் ஒளி முடியில் உள்ள கறுப்பைத் தேடிப்போய்ச் சூடேற்றி வேரைச் சுடுகிறது. நம் தோலிலும் அதே கறுப்பு இருக்கிறது. அதனால் நமக்கு எந்த மெஷின் என்பதுதான் முதல் கேள்வி. 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் வரும் என்டி-யாக் லேசர் நம் நிறத்துக்குப் பாதுகாப்பானது. 800 சொச்சத்தில் வரும் டயோடும் கை பழகியவர் போட்டால் சரி. 755 அலெக்சாண்டிரைட் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஆகாது. சூட்டுத் தழும்பும் திட்டும் விழலாம். மெஷின் பெயர் சொல்லாத இடத்தில் உட்காராதே. தோல் மருத்துவர் இருக்கிறாரா, காதோரம் நாலு ஷாட் போட்டுச் சில நாள் பொறுத்துப் பார்ப்பாரா என்று கேள். சரியாகப் பட்டிருந்தால் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் லேசாகச் சிவந்து தடிக்கும், சில மணி நேரத்தில் அடங்கும். கொப்பளமோ சாம்பல் நிறமோ வந்தால் அளவு தப்பு.

முகத்துக்கு நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறேழு தடவையாவது ஆகும். வளரும் பருவத்தில் இருக்கும் முடிதான் சுடுபடும், எல்லா முடியும் ஒரே நேரத்தில் அந்தப் பருவத்தில் இருப்பதில்லை. லேசருக்கு ஒரு மாதம் முன்பே நூலையும் வாக்ஸையும் நிறுத்து, வேர் உள்ளே இருந்தால்தான் ஒளி பிடிக்கும். ஷேவ் மட்டும் செய்யலாம். ரேடியல் ரோட்டு வெயிலில் ஸ்கூட்டியில் போகிறவள் சன்ஸ்கிரீனும் துப்பட்டாவும் இல்லாமல் லேசர் பக்கம் போகாதே. இத்தனைக்குப் பிறகும் முடி குறையும், மெலியும், அவ்வளவுதான். ஒன்றுகூட வராது என்று யாராவது சொன்னால் நம்பாதே. தாடையோரப் பூனைமுடியில் லேசர் பட்டு, இருந்ததைவிட அதிகமாக வளர்ந்தவர்களும் உண்டு. நம் பக்கத்துப் பெண்களிடம், அதிலும் ஹார்மோன் கோளாறு உள்ளவர்களிடம் இது கூடுதல். அதனால்தான் ரிப்போர்ட் வரட்டும் என்கிறேன்.

அடியோடு போக வேண்டுமானால் எலக்ட்ராலிசிஸ். 1875-இல் சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் கண்ணுக்குள் குத்தும் இமை முடிக்காகத் தொடங்கியது. ஒவ்வொரு வேர்க்காலிலும் மெல்லிய ஊசி விட்டு மின்சாரம் பாய்ச்ச வேண்டும். வலிக்கும், நாள் பிடிக்கும். ஆனால் லேசர் தொடாத நரைமுடியும் இதில் போகும். உன் மோவாயில் எண்ணிவிடும் அளவே முடி இருந்தால் இதுவே போதும்.

ஒன்றை மனதில் வை. 2024-இல் உத்தரப்பிரதேசத்தில் பத்தாம் வகுப்பில் மாநில முதலிடம் வாங்கிய மாணவியை, மார்க்கை விட்டுவிட்டு மீசையைச் சொல்லி நாடெங்கும் கேலி பேசினார்கள். அது பேசியவர்களுக்கு வெட்கக்கேடு. முடியை எடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம். யாரோ பார்த்தார்கள் என்ற அவசரத்தில் மட்டும் எடுக்காதே. அந்த அவசரத்தை வைத்துத்தான் பேக்கேஜ் விற்கிறார்கள்.

பரீட்சை முடிந்த வாரமே ஊரில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டோடு வா. பல்லாவரத்தில் ரயில் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் பெரியாஸ்பத்திரி. தோல் பிரிவில் சீட்டுப் போட்டு இரண்டு பேரும் காட்டிவிட்டு வருவோம். வேலையில் சேரும் நாளுக்கு ரேசர் போதும். லேசரா ஊசியா என்பதைக் கையில் முதல் சம்பளம் வந்த பிறகு நீயே முடிவு செய்.

அன்புடன்,
உன் பெரியம்மா