நெல்வயலிற் சிலந்தியின் பணி

நெல்வயலில் வாழும் உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்கின்றன. இச்சார்பை அறியாது செய்யும் செயல் பயிருக்கே கேடாய் முடியும். கபிலநிறத் தத்தியால் உண்டாகும் சேதம் இதற்குத் தக்க சான்றாகும்.

தத்தி நெற்பயிரின் அடித்தண்டிலிருந்து சாற்றை உறிஞ்சும். அது பெருகினால் பயிர் வட்டவட்டமாகக் காய்ந்து, எரிந்ததுபோற் காணப்படும். ஆயினும் வயலில் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளொன்றுக்கு 5 முதல் 15 வரையான பூச்சிகளை உண்ணும். பச்சைநிறச் சிறு மூட்டுப்பூச்சி ஒருவகை தத்தியின் முட்டைகளை உறிஞ்சி அழிக்கும்.

தத்தி வருமுன் சிலந்தி எதனை உண்டு வாழும்? வைக்கோலும் எருவும் உக்கும் வயல்நீரிற் சிறு ஈக்கள் பெருகும். அவையே சிலந்தியின் முதலுணவு. வைக்கோலை எரிப்பவர் சிலந்தியின் உணவையே எரிக்கின்றார்.

காலத்துக்கு முந்தித் தெளிக்கும் பூச்சிநாசினி இந்நண்பர்களைக் கொல்லும். தண்டினுள் இடப்பட்ட தத்தி முட்டைகளோ தப்பிவிடும். அவற்றிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் பகையற்ற வயலில் தடையின்றிப் பெருகும். இதனைக் கண்டே இந்தோனேசிய அரசு 1986 ஆம் ஆண்டில் 57 பூச்சிநாசினிகளை நெற்பயிருக்குப் பயன்படுத்தத் தடைவிதித்தது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. வைக்கோலை எரிக்காது வயலில் இட்டு உக்கச் செய்க.
2. முதல் 40 நாட்களில் இலையிற் சிறு சேதம் கண்டவுடன் நாசினி தெளிப்பதைத் தவிர்க்க. இளம்பயிர் புதிய இலைகளும் மட்டங்களும் விட்டுத் தேறும்.
3. யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடுவதைத் தவிர்க்க. மிகுந்த பசளை தத்தியைப் பெருக்கும்.
4. வாரமொருமுறை பயிரின் அடியை விலக்கி, தத்தியோடு சிலந்தியையும் எண்ணுக.

ஐயமுண்டாயின், நாசினி வாங்குமுன் விவசாயப் போதனாசிரியரை நாடுக.