கூட்ட உரையாடலில் வழங்கும் ஆங்கில மரபுத்தொடர்கள்: பெயர்ப்பு நோக்கு

அலுவலகக் கூட்டங்களில் வழங்கும் ஆங்கில மரபுத்தொடர்களைத் தமிழாக்குவோர், தொடரிலுள்ள உருவகத்திற்கு இணையான தமிழ் வழக்கைத் தேடுவது இயல்பு. ஆயின் அத்தொடர் அவையில் யாரை என்ன செய்யச் சொல்கிறது என்பதை நோக்காதவழி, பொருத்தமாகத் தோன்றும் பெயர்ப்பும் பிழைபட நேரும்.

இதற்குத் தக்க சான்று 'டேபிள்' என்னும் வினையாகும். பிரிட்டன் வழக்கில் ஒரு பொருளை 'டேபிள்' செய்தல் என்பது, அதனை விவாதத்திற்காக அவைமுன் வைத்தல். அமெரிக்க வழக்கிலோ அதே வினை விவாதத்தை நிறுத்தி அப்பொருளை ஒதுக்கிவைத்தலைக் குறிக்கும். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் ஒரு தீர்மானத்தை இவ்வாறு மேசைமேல் இடுவது, அதனைத் தோற்கடிப்பதற்கே நிகர். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டன் படைத்துறையினர் அவசர அறிக்கையொன்றை 'டேபிள்' செய்ய விரும்பினர். அமெரிக்கர் அதனை எதிர்த்தனர். அறிக்கையை உடனே விவாதிக்க வேண்டும் என்பதே இரு தரப்பின் விருப்பமும் என்பது நெடிய, கசப்பான வாதத்திற்குப் பின்னரே தெளிந்தது. வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் வரலாற்றின் 1950இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியில் இந்நிகழ்வைப் பதிவுசெய்துள்ளார்.

இந்திய நாடாளுமன்ற நடைமுறை பிரிட்டன் மரபை ஒட்டியது. எனவே 'நிதிநிலை அறிக்கை தாக்கல்' என்னும் வழக்கு இங்குச் சரியாகவே பொருந்துகிறது. அரபு மூலத்திலிருந்து வந்த 'தாக்கல்' மேசையை முற்றிலும் விடுத்துச் செயலை மட்டும் பெயர்ப்பது கருதத்தக்கது. ஆயின் அமெரிக்க நிறுவனமொன்றின் கூட்டக் குறிப்பைத் தமிழாக்குபவர் அதே சொல்லை இட்டால் முடிவே தலைகீழாகிவிடும். அங்கு 'ஒத்திவைத்தல்' வேண்டும். 'கிடப்பில் போடுதல்' உருவகத்தால் இன்னும் நெருங்கியதே. எனினும் அதிலுள்ள பழிக்குறிப்பு அலுவல் ஏட்டுக்கு ஒவ்வாது.

விளையாட்டுவழித் தொடர்களில் இத்துணைச் சிக்கல் இல்லை. பேஸ்பால் திடலிலிருந்து வந்த 'பால்பார்க் ஃபிகர்' என்பதனைத் 'தோராயக் கணக்கு' என்றாலே போதும். திடலைத் தமிழுக்குக் கொண்டுவரத் தேவையில்லை.

'அறைக்குள் யானை' என்னும் தொடர் வேறுவகையானது. அனைவர்க்கும் தெரிந்தும் எவரும் எடுத்துரைக்கத் துணியாத சிக்கலை அது சுட்டும். 'முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தல்' என்பது உடனே நினைவுக்கு வரும். இரண்டிலும் மறைக்கவியலாத பெரும்பொருள் உண்டு. ஆனால் பூசணிக்காயை மறைப்பவர் ஒருவர். பிறர் அதனைக் கண்டுகொண்டு எள்ளுகின்றனர். யானையை எவரும் மறைக்கவில்லை. காணாததுபோல் இருப்போர் அவையோர் அனைவருமே. ஆகவே பூசணிக்காயைப் பெயர்ப்பாக இட்டால், கூட்டத்தார் அனைவர்க்கும் உரிய மௌனம் ஒருவர்மேல் சாற்றப்பட்ட பொய்க் குற்றமாக மாறிவிடும். 'யாவரும் அறிந்தும் எவரும் பேசாத செய்தி' என விரித்துரைப்பதில் யானையின் கவர்ச்சி இல்லை. ஆயினும் கூட்டக் குறிப்பில் அதுவே இடத்தக்கது.