இசைத்தட்டுச் சேகரம்

சென்ற கோடை விடுமுறையின் தொடக்கத்தில் எம் நண்பரொருவர், விரைந்து வருமாறு எமக்குச் செய்தி விடுத்தார். நெடுங்காலம் ஆசிரியராக விளங்கி, ஓய்வுபெற்றுப் பின்னர்க் காலஞ்சென்ற முதியவரொருவரின் இல்லத்தை அவர்தம் மக்கள் ஒழித்துக்கொண்டிருந்தனர். பழந்தாளும் பழம்பொருளும் வாங்குவோன் மாலைக்குள் வருவதாயிருந்தது. யாம் செல்லுமுன்னரே நூல்களெல்லாம் கட்டுக்கட்டாகக் கட்டப்பட்டுவிட்டன. திண்ணையில் ஒரு தகரப்பெட்டி மட்டும் தனியே கிடந்தது. திறந்து பார்த்தோம். கறுத்த கிராமபோன் இசைத்தட்டுக்கள் 31 இருந்தன. அவற்றுள் நான்கு உடைந்திருந்தன.

“அப்பா உயிர்போலக் காத்தவைதாம், ஐயா. ஆனால், இந்தப் பாட்டெல்லாம் இப்போது கைப்பேசியிலேயே வருகின்றனவே. இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?” என்றார் மூத்த மகனார்.

அவ்வினாவில் ஏளனம் சிறிதுமில்லை. நியாயமான வினாவே. அன்று எமக்கு விடை கூற நாவெழவில்லை. பெட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினோம். அன்று கூறாத விடையை இன்று நம் மாணவ அன்பர்கள் முன்னிலையில் ஒருவாறு கூற முயல்வோம்.

முதற்கண் அத்தட்டு யாது என்பதைத் தெரிந்துகொள்வோம். தாமஸ் ஆல்வா எடிசன் 1877-இல் ஒலியைப் பதிவுசெய்யும் கருவியை ஆக்கினார். அதில் ஒலி உருளையின்மேல் பதிந்தது. தட்டையான வட்டத்தில் பதியும் முறையை 1887-இல் கண்டவர் எமில் பெர்லினர். உருளையை வார்த்துப் பெருக்குவது அந்நாளில் அரிது. தட்டையோ, ஓர் உலோக அச்சினின்றும் பல படிகளாக அழுத்தி எடுத்தல் எளிது. அச்சுப்பொறி ஏட்டுச்சுவடிக்குச் செய்ததைப் பெர்லினர் தட்டு பாட்டிற்குச் செய்தது எனலாம்.

அத்தட்டு எதனால் ஆயது? அரக்கினால். புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரந்து வைக்கும் பிசினே அது. அதனோடு கற்பொடியும் கரியும் பஞ்சிழையும் கூட்டிச் சூடேற்றி அழுத்துவர். உலகத்துக்கு அரக்கு வழங்கிய நாடுகளில் நம் நாடே தலையாயது. லண்டனிலும் நியூயார்க்கிலும் சுழன்ற தட்டுக்களில் இந்தியக் காட்டுமரங்களின் பிசின் கலந்திருந்தது என்பதை நினைக்குந்தோறும் எமக்கு வியப்பாகவே இருக்கின்றது.

1902-ஆம் ஆண்டு நவம்பரில் கிராமபோன் கம்பெனியைச் சார்ந்த ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து, கௌஹர் ஜான் என்னும் புகழ்வாய்ந்த பாடகியாரின் பாட்டுக்களைப் பதிவுசெய்தார். பாட்டு முடிந்ததும் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவதை அத்தட்டுக்களில் இன்றும் கேட்கலாம். பெருமைக்காக அன்று, பதிவானவை ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்குக் கப்பலேறிச் சென்று அங்கேதான் தட்டாக வேண்டும். மொழியறியாத அவ்வூர்த் தொழிலாளர் ஒரு பாட்டிற்கு மற்றொருவர் பெயரை ஒட்டிவிடாதிருத்தற்கே அவ்வேற்பாடு. 1908-இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை ஏற்பட்டபின் அத்தேவை ஒழிந்தது.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாடும். ஒரு மணி நேரம் இராகத்தை விரித்துப் பாடிப் பழகிய வித்துவான் மூன்று நிமிடத்துள் ஆலாபனமும் கீர்த்தனமும் சுரமும் அடக்கவேண்டிய நெருக்கடி அவ்வாறு நேர்ந்தது. அதனாற் சங்கீதம் குறைவுற்றது என்பாருமுளர். எமக்கு அங்ஙனம் தோன்றவில்லை. குறட்பாவின் அளவு சிறிதாதல் பற்றி அதனை எவரும் குறைகூறுவதில்லையே! நீண்ட உருப்படியாயின் இரண்டு மூன்று தட்டுக்கள் தொடர்ந்து வேண்டியிருந்தன. அவற்றை உறைகளிலிட்டுப் புத்தகம்போற் கட்டிவைத்தனர். புகைப்படம் ஒட்டும் ஏட்டை ஒத்திருந்தமையின் அதற்கு ‘ஆல்பம்’ என்று பெயராயிற்று. 1909-இல் ஓடியன் கம்பெனியார் சைக்கோவ்ஸ்கியின் இசைத்தொகுதியொன்றை நான்கு தட்டுக்களில் அவ்வாறு வெளியிட்டனர். இன்று கைப்பேசியில் நாம் ‘ஆல்பம்’ என்று தொட்டுத் திறப்பதில் ஏடுமில்லை, உறையுமில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பின் வந்தவற்றைச் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வோம். 1948-இல் கொலம்பியா கம்பெனியார் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் வினைல் நெடுந்தட்டை வெளியிட்டனர். 1963-இல் பிலிப்ஸ் கம்பெனியார் ஒலிநாடாக் கேசட்டைக் கொணர்ந்தனர். 1982-இல் ஜப்பானில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. மேனாடுகள் அரக்குத் தட்டைக் கைவிட்ட பின்னரும் நம் நாடு எளிதில் விடவில்லை. மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி முடுக்கும் பெட்டிகளே வழங்கின. ஆதலின் 1960-களில் பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டுக்கள் இந்தியாவில் 78 சுழற்சித் தட்டாகவும் அச்சாயின. அவற்றை இன்று இங்கிலாந்தின் சேகரிப்போரும் விலை பாராது தேடுகின்றனர்.

நிற்க. இப்பொழுது வழங்கும் முறை வேறு. ஸ்ட்ரீமிங் என்னும் இம்முறையில் பாட்டு நம்மிடம் வந்து தங்குவதில்லை. எங்கோ ஓரிடத்திலுள்ள சேமிப்புக் கருவியினின்றும் கேட்குந்தோறும் ஓடிவந்து, கேட்டபின் சென்றுவிடுகின்றது. ஸ்பாட்டிஃபை 2008-இல் சுவீடன் முதலிய நாடுகளில் தொடங்கி, 2019 பிப்ரவரியில் இந்தியாவிற்கு வந்தது. இதன் நன்மையை மறைத்துரைப்பது எம் கருத்தன்று. ஒரு நெடுந்தட்டின் விலை மாணவரொருவரின் பல நாள் உணவுச் செலவாகும். விடுதியில் வாழும் ஏழை மாணவர், தம் ஊரில் எக்காலும் கேட்டிராத நாகசுர வித்துவானையும் ஐரோப்பியப் பெரும்புலவர் இசையையும் காசின்றியோ சிறு சந்தாவினாலோ கேட்கின்றனர். இது பெரும்பேறே. எம் இளமையில் இது வாய்த்திலதே என்று ஏங்கியதும் உண்டு.

ஆனால், கேட்கும் உரிமை வேறு, உடைமை வேறு. உடன்படிக்கை உள்ளவரையே பாட்டு வரும். 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபைக்கும் ஜீ மியூசிக்குக்கும் இடையேயிருந்த உடன்படிக்கை முடிந்து புதுப்பிக்கப்படாமையின், ஹிந்திப் படப் பாட்டுக்கள் பல ஒருங்கே மறைந்தன. 2022 சனவரியில் நீல் யங் என்னும் கனடா நாட்டுப் பாடகர் கருத்து வேறுபாட்டால் தம் பாட்டுக்களைத் தாமே அங்கிருந்து நீக்குவித்தார். அவை 2024-இற்றான் திரும்பின. பாட்டேயன்றி வழங்கும் நிலையமே மூடப்படுதலும் உண்டு. ரெஸ்ஸோ, விங்க் என்னும் இரண்டு செயலிகளின் பணி நம் நாட்டில் 2024-இல் முடிவுற்றது. அவற்றிலே ஆண்டுக்கணக்கிற் பார்த்துப்பார்த்துத் தொகுத்த பட்டியல்கள் பலருக்கு உண்டு. இவற்றினும் கொடிது மைஸ்பேஸ் நிகழ்ச்சி. 2015-க்கு முன்னர் இளம்பாடகர் பலர் அங்கு ஏற்றிவைத்திருந்த பாட்டுக்களெல்லாம், ஒரு கருவியினின்றும் மற்றொன்றிற்கு மாற்றுகையில் அழிந்தன என்பது 2019-இல் தெரியவந்தது. வேறு படி வைத்திராதவர்க்கு அப்பாட்டு அன்றோடு இல்லை.

சட்டமும் இவ்விரண்டையும் வேறாகவே காண்கின்றது. விலைகொடுத்து வாங்கிய நூலையோ தட்டையோ ஒருவர் பிறர்க்கு விற்கலாம், கொடுக்கலாம், மக்கட்கு விட்டுச்செல்லலாம். அமெரிக்க உச்சநீதி மன்றம் 1908-இலேயே ஒரு நூல் வழக்கில் இக்கொள்கையை நிலைநாட்டியது. ஆனால், விலைக்கு வாங்கிய ஒலிக்கோப்பை மறுவிற்பனை செய்ய ரெடிஜி என்னும் நிறுவனம் முயன்றபோது, அது தகாதென்று அந்நாட்டு நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. மேல் முறையீட்டிலும் 2018-இல் அதுவே உறுதியாயிற்று. ஓடிவரும் பாட்டிற்கோ விற்பதென்ற பேச்சே இல்லை. எம் கையிலுள்ள தகரப்பெட்டி தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து எமக்கும் வந்தது. கைப்பேசிக் கணக்கின் கடவுச்சொல் அங்ஙனம் வழிவழி வருமோ?

“கம்பெனியாரிடம் மூலப்பதிவு இருக்குமன்றோ?” என்று மாணவர் ஒருவர் எம்மைக் கேட்டனர். இருக்கும் என்று நம்பியிருந்தமையாலேயே பல அழிந்தன. 2008 ஜூன் முதல் நாளன்று ஹாலிவுட்டில் யூனிவர்சல் நிறுவனத்தாரின் இடத்தில் தீ மூண்டு மூல ஒலிநாடாக்கள் பல எரிந்தன. இழப்பின் அளவை நிறுவனத்தார் மறுத்துரைப்பினும், அது பற்றிய செய்தி விரிவாக வெளிவந்தது 2019-இலேயே. போர்க்காலத்தில் நிகழ்ந்ததோ இன்னும் வருந்தத்தக்கது. கடல்வழி இடையூற்றால் இந்திய அரக்கு கிடைப்பது அருகியமையின், 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசினர் தட்டுத் தொழிலுக்குரிய அரக்கை 70 விழுக்காடு குறைத்தனர். புதுத்தட்டு வேண்டுவோரிடம் பழந்தட்டைக் கேட்டு வாங்கி, உடைத்து உருக்கிப் புதியன செய்தனர். எத்தனை அரும்பாட்டுக்கள் அவ்வாறு அரைபட்டுப்போயின என்று யார் கணக்கிடுவார்? எஞ்சியவை எஞ்சியது எவ்வாறெனின், கொடுக்க மனமில்லாத சிலர் தம் வீட்டுப் பரண்மேல் ஒளித்துவைத்தமையாலேயே.

நம் நாட்டிலும் கதை இதுவே. பழைய தட்டுக்களின் வரலாற்றை இன்று நாம் அறிவது பெரும்பாலும் தனிமனிதரின் பித்தினால்தான். சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் அவர்களின் 78 சுழற்சித் தட்டுச் சேகரம் நாடறிந்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் தேடித் திரட்டிய தமிழ் நூற்களே அவர் மறைந்தபின் சென்னையில் 1994-இல் நிறுவப்பெற்ற ஆராய்ச்சி நூலகத்துக்கு அடிப்படையாயின. அவர் திரட்டியவற்றுட் பல, அந்நாளில் கற்றோர் குப்பையென்று கருதிய சிறு வெளியீடுகள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் மேலுள்ள உரிமை, அது வெளியான 60 ஆண்டுகளுக்குப்பின் முடிந்துவிடும். ஆதலின் அரக்குத் தட்டுக்களிற் பெரும்பாலானவற்றை மீட்டும் வெளியிடுதலால் எந்தக் கம்பெனிக்கும் பேரூதியம் இல்லை. ஊதியமில்லாதவிடத்து அவை எவர் பொறுப்பு?

இனி அந்த மகனாரின் வினாவிற்கு வருவோம். உடையாத 27 தட்டுக்களின் 54 பக்கங்களையும் பெயரிட்டு எழுதிக்கொண்டு, எம் மாணவர் இருவர் துணையோடு கைப்பேசிச் செயலிகளில் ஒவ்வொன்றாகத் தேடினோம். கிடைத்தன 19. அவற்றுள்ளும் மூன்றில் இராகத்தின் பெயர் பிழை. ஒன்றில் பாடியவரே வேறொருவராகக் காட்டப்பட்டிருந்தார். வயலினும் மிருதங்கமும் வாசித்தோர் பெயர் எதனிலும் இல்லை. ஏனைய 35 பக்கங்களும் வேறெங்கேனும் இருக்கலாம். நம் கைப்பேசியில் இல்லை.

அண்மையில் மேனாடுகளில் தட்டு மீண்டும் மதிப்புப் பெற்றுவருகின்றது. அமெரிக்காவில் 2022-இல் வினைல் தட்டு 4 கோடியே 10 இலட்சமும், குறுந்தட்டு 3 கோடியே 30 இலட்சமும் விற்றன. 1987-க்குப் பின் எண்ணிக்கையில் வினைல் குறுந்தட்டை விஞ்சியது அதுவே முதன்முறை. ஆயினும் அவ்வாண்டு இசைத்தொழிலின் வருவாயில் நூற்றுக்கு 84 பங்கு ஸ்ட்ரீமிங்கினாலேயே வந்தது. இம்மறுமலர்ச்சியை யாம் முழுதும் மெச்சுகின்றோம் அல்லோம். அந்நாட்டில் தட்டு வாங்குவோருட் பாதிப்பேரிடம் அதனை ஒலிப்பிக்கும் கருவியே இல்லையென்று 2023-இல் ஓர் ஆய்வு கூறிற்று. உறை பிரியாத் தட்டைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பது, படிக்கப்படாத நூலை அலமாரியில் அடுக்குவதோடொக்கும். ஆயினும் கோபிப்பதற்கில்லை. கேளாது வைத்தவர் வீட்டிலும் தட்டு உடையாமலிருந்தால், கேட்கும் பேரன் ஒருவன் பிறவாமலா போவான்?

பழந்தட்டு கிடைக்கப்பெறும் அன்பர்க்குச் செய்முறையாகச் சில கூறுதல் இன்றியமையாதது. அறியாமையாற் கெடுவனவே மிகுதி. அரக்குத் தட்டை ஒன்றன்மேலொன்றாகக் கிடத்தி அடுக்கலாகாது. கீழுள்ளவை விரிசல் காணும். நூல்போல நிமிர்த்தி நெருக்கமாக வைக்க. வெயிலும் அடுப்பின் வெப்பமும் படின் வளையும். தூசு துடைக்கச் சாராயம் கலந்த எந்நீரையும் தொடவேண்டா. அரக்கு சாராயத்திற் கரையும் தன்மையது. மருத்துவமனைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு ஒருவர் தம் பாட்டனார் தட்டைத் துலக்கப் புகுந்து, பாட்டையே துடைத்தெடுத்ததை யாம் நேரிற் கண்டோம். தூயநீரிற் சிறிது நனைத்த மெல்லிய துணியே போதும். அத்தட்டின் வரி அகன்றது. நெடுந்தட்டிற்குரிய நுண்ணிய ஊசி அதன் அடியிற் கிடந்து உராயுமேயன்றிச் செவ்வனே பாடாது. 78-க்கென்றே உள்ள ஊசி வேண்டும். பழைய சாவிப்பெட்டியாயின், ஒரு பக்கம் பாடியதும் எஃகூசியை மாற்றிவிடுக. தேய்ந்த ஊசி வரியை உழுதுவிடும். குறுந்தட்டிற் பலர் பளபளக்கும் பக்கத்தையே பேணுவர். உண்மையில் எழுத்துள்ள பக்கமே மென்மையானது, கீறினால் உட்பூச்சு பெயரும். எல்லாவற்றினும் முதலாவது, தட்டின் நடுவிலுள்ள தாளில் அச்சிட்ட எண்ணையும் பெயர்களையும் ஏட்டில் எழுதிவைத்தலே. தாள் கிழிந்தபின் பாடினவர் யாரெனச் சொல்வதற்குக் கௌஹர் ஜானைப்போல் எல்லாரும் பெயர் கூறி வைக்கவில்லை.

அப்பெட்டி இப்பொழுது எம் அறையில் இருக்கின்றது. நண்பர் ஒருவரின் கருவியிலிட்டு 54 பக்கங்களையும் ஒலிக்கோப்பாகப் படியெடுத்துவிட்டோம். இரண்டு படிகள் வெவ்வேறிடங்களில் உள்ளன. உடைந்த நான்கனுள் ஒன்று, இரண்டு தட்டுக்களாக வெளிவந்த தோடி இராகம் தானம் பல்லவியின் இரண்டாம் தட்டு. முதல் தட்டு நன்றாகப் பாடுகின்றது. தானம் முடிந்து, வித்துவான் பல்லவியை எடுக்கின்றார், ஓர் ஆவர்த்தம் கேட்கின்றது, தட்டு முடிந்துவிடுகின்றது. செயலிகளில் அது முன்பாதியும் இல்லை, பின்பாதியும் இல்லை. நம் பழைய மாணவர் எவரேனும் தம் ஊர்வீட்டுப் பரணில் தட்டுப்பெட்டி யாதேனும் கண்டால், பழம்பொருள் வாங்குவோனை அழைக்குமுன் எமக்கு ஒருவரி எழுதுவார்களாக. தட்டின் எண்ணை உடனே அனுப்புவோம்.