பிக்கப் வண்டிக்கு என்ஜின் மாற்றுமுன் அச்சைக் கவனியுங்கள்

ஓசூர், சூளகிரி, இராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை பகுதிகளில் தக்காளி, கோஸ், ரோஜா பயிரிடும் விவசாயிகள் பலர் விளைபொருளைச் சொந்தப் பிக்கப் வண்டியிலேயே சந்தைக்குக் கொண்டு செல்கின்றனர். வண்டி பழையதானதும் இழுவை குறைகிறது. புது வண்டி வாங்க வசதி இருப்பதில்லை. எனவே, 'பெரிய என்ஜின் ஒன்றைப் போட்டு, கனமான அச்சையும் மாற்றிவிட்டால் என்ன?' என்ற யோசனை எழுகிறது.

இப்பகுதியில் இந்த யோசனை எழுவது இயல்பே. அசோக் லேலண்டு தொழிற்சாலை 1980-ல் ஓசூரில் தொடங்கியது. 2011-ல் விற்பனைக்கு வந்த 'தோஸ்த்' சிறு சரக்கு வண்டியும் ஓசூரில் உருவானதே. லேத் பட்டறைகளும் மெக்கானிக்குகளும் கூப்பிடு தூரத்தில் உள்ளனர். பழைய உதிரி பாகங்களுக்குப் பெங்களூரு சிவாஜிநகரும் சென்னை புதுப்பேட்டையும் இருக்கின்றன. ஆனால் கையில் உள்ள பணத்தை இதில் போடுமுன் சில செய்திகளை விவசாயிகள் தெரிந்துகொள்வது அவசியம்.

அச்சு செய்யும் வேலை என்ன?

பிக்கப் வண்டியின் பின் அச்சுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, சுமையைத் தாங்குவது. மற்றொன்று, என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது. இரு சக்கரங்களையும் ஒரே கூண்டில் இணைக்கும் முழு அச்சு, பட்டை ஸ்பிரிங் மேல் நிற்கும். அமைப்பு எளிது, கரடுமுரடான பாதைக்கும் பாரத்துக்கும் ஏற்றது.

இதில் இரு வகைகள் உள்ளன. முதல் வகையில் பாரம் முழுவதையும் கூண்டு தாங்கும். உள்ளே உள்ள ஷாப்ட் சக்கரத்தைச் சுழற்ற மட்டுமே செய்யும். ஷாப்ட் முறிந்தாலும் சக்கரம் கழலாது. இரண்டாம் வகையில் ஷாப்ட்டே பாரத்தையும் தாங்கிச் சக்கரத்தையும் சுழற்றும். அது முறிந்தால் சக்கரமே வெளியே வந்துவிடலாம். சக்கரத்தின் நடுவில், ஷாப்ட்டின் தட்டு தனி போல்ட்டுகளால் ஹப்போடு முடுக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அது முதல் வகை.

முதலில் சுமை

பதிவுச் சான்றில் காலி எடையும், சுமையோடு சேர்ந்த மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். மொத்த எடை 2,500 கிலோ, காலி எடை 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக்கூடியது, ஆட்களையும் சேர்த்து, 1,200 கிலோ மட்டுமே. 25 கிலோ தக்காளி கொள்ளும் கிரேட் 60 ஏற்றினால் தக்காளி மட்டும் 1,500 கிலோ ஆகிறது. இதில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான் விழும்.

ஒருமுறை சந்தைச் சுமையோடு எடை மேடைக்குச் சென்று, முழு வண்டியையும் நிறுத்தி எடை பார்க்கவும். பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்திப் பார்க்கவும். பின் அச்சு உண்மையில் தாங்கும் பாரம் தெரிந்துவிடும். அடிக்கடி பேரிங் போவதும் ஸ்பிரிங் பட்டை முறிவதும் என்ஜின் குறையால் அல்ல, அதிகச் சுமையால்தான் என்பது பலருக்கு இங்கேயே விளங்கிவிடும்.

கனமான அச்சைப் போட்டாலும் சட்டப்படி ஏற்றக்கூடிய சுமை ஒரு கிலோகூடக் கூடாது. சேசிஸ், பிரேக், டயர் ஆகியவை பழைய அளவுக்கே செய்யப்பட்டவை.

பிறகு விகிதம்

அச்சின் நடுவில் கிரௌன் வீலும் பினியனும் உள்ளன. கிரௌனில் 43 பல், பினியனில் 8 பல் இருந்தால் விகிதம் 5.38. அதாவது ப்ரொப்பெல்லர் ஷாப்ட் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்.

பழைய பெட்ரோல் ஜீப்புகளில் இந்த 5.38 விகிதம் இருந்தது. 1970, 80-களில் பலர் அவற்றுக்கு டீசல் என்ஜின் மாற்றினர். வேகமாகச் சுற்றும் பெட்ரோல் என்ஜினுக்கு ஏற்ற விகிதம், நிதானமாகச் சுற்றும் டீசல் என்ஜினுக்குப் பொருந்தவில்லை. கணக்கைப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் ஓடும் என்றும், டாப் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும் என்றும் கொள்வோம். 5.38 விகிதத்தில் வேகம் மணிக்கு 49 கிலோமீட்டர். 4.27 விகிதத்தில் 62 கிலோமீட்டர். ஆனால் வேகம் கூடிய அளவுக்கு இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அஞ்செட்டி மலைப்பாதையில் சுமையோடு ஏறுபவருக்கு இது பெரிய குறை.

உங்கள் வண்டியின் விகிதத்தை நீங்களே அறியலாம். சமதரையில் முன் சக்கரங்களுக்கும் ஒரு பின் சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, மற்றொரு பின் சக்கரத்தைத் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கி வைக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது. கியரை நியூட்ரலில் வைத்துக் கைப் பிரேக்கை விடுவித்து, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றவும். ப்ரொப்பெல்லர் ஷாப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுவே விகிதம். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் முன், பின் அச்சுகளின் விகிதம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

பெரிய என்ஜின், பழைய அச்சு

என்ஜினின் முறுக்கு விசை 15 அலகு, முதல் கியர் விகிதம் 4, அச்சின் விகிதம் 5 என்றால், அச்சுக்கு வந்து சேரும் விசை 15 x 4 x 5 = 300 அலகு. அதே வண்டியில் 25 அலகு தரும் என்ஜினைப் போட்டால் 500 அலகு வரும். 300 அலகுக்குச் செய்யப்பட்ட பினியன் பல் எத்தனை நாள் தாங்கும்? சேற்றில் சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது அச்சு பெரும்பாலும் தப்பிவிடும். சுமையோடு, நல்ல பிடிமானமுள்ள மேட்டில் கிளட்சைச் சட்டென்று விடும்போதுதான் முறியும்.

சட்டம் சொல்வது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன்புறம் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிக்கு முழு அச்சு பொருத்துவது இவ்வகை மாற்றமே. அதில் ஸ்டியரிங், பிரேக் அமைப்பும் கெடும்.

8 ஆண்டுகள் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். அங்கே என்ஜின் எண் பார்க்கப்படும். அத்திப்பள்ளி வழியாகக் கர்நாடகத்துக்குள் சென்றாலும் இதே சட்டம்தான். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை கிடைப்பதிலும் சிக்கல் வரும். ஒரு குடும்பத்தின் நிலமே அடமானத்துக்குப் போகக்கூடும்.

செய்யத்தக்கது

அதே தயாரிப்பு, அதே மாடல், அதே விகிதமுள்ள அச்சையே தேடுங்கள். ஒரே மாடலிலும் விகிதம் வேறுபடலாம் என்பதால் பல்லை எண்ணிப் பார்த்து வாங்கவும். பழைய அச்சு வாங்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனிக்கவும்:

1. உள்ளே உள்ள எண்ணெயில் இரும்புத் துகள் மின்னினால் பல் தேய்ந்துள்ளது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது.

2. கூண்டில் வெல்டிங் செய்த தடயமோ வளைவோ இருந்தால் விட்டுவிடவும்.

3. ஸ்பிரிங் அமரும் இடங்களுக்கிடையே உள்ள தூரம், சக்கர போல்ட் எண்ணிக்கை, பிரேக் டிரம் அளவு ஆகியவை பழையதோடு ஒத்திருக்க வேண்டும்.

4. பொருத்தியபின் புதிய கியர் ஆயில் ஊற்றி, முதல் சில நாட்கள் குறைந்த சுமையோடு ஓட்டி, யு போல்ட்டுகளை மீண்டும் முடுக்கவும்.

என்ஜின் மாற்றியே தீர வேண்டும் என்றால் அதே வகை என்ஜினை ரசீதோடு வாங்குங்கள். பொருத்துமுன் ஓசூர் அல்லது கிருஷ்ணகிரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று, பொருத்தியபின் புதிய எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்றிக்கொள்ளவும். சுமை உண்மையிலேயே கூடிவிட்டதென்றால், பழைய வண்டியை விற்று அடுத்த அளவு வண்டியை வாங்குவதோ, நான்கு பேர் சேர்ந்து வாடகை வண்டி பேசுவதோ ஆதாயமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.